வேர்ட்பிரஸ்: யார் எதைத் தொடலாம்?

எங்கள் வாசகர் வட்டத்தின் இணையதளம் பல ஆண்டுகளாக, தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில்தான் ஓடுகிறது. அதன் தோற்றம், வேகம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். உள்ளே வருபவர்களில் யார் எதைத் தொடலாம் என்பதை அது எப்படிக் காக்கிறது என்பதே எனக்கு முக்கியம்.

பங்களிப்பாளராக நுழைபவர் எழுதலாம், வெளியிட முடியாது. முகவரியில் இருக்கும் பதிவு எண்ணை மாற்றி அடுத்தவர் வரைவைத் திறக்க முயன்றாலும் அனுமதி இல்லை என்றே பதில் வரும். பொத்தானை மறைத்ததோடு விடாமல் சர்வரே தடுக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அந்தக் காவலும் ஒருமுறை ஏமாந்தது. 4.7, 4.7.1 பதிப்புகளில் வெளிப்புற நிரல்களுக்கான வழியில், பதிவு எண் 123 என்பதற்குப் பதிலாக 123ஐ அடுத்து இரண்டு எழுத்துகளை ஒட்டி அனுப்பினால் போதும். அனுமதியைச் சோதிக்கும் பகுதி அப்படியொரு பதிவைத் தேடும், கிடைக்காது, பதிவே இல்லாதபோது தடுக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிடும். அடுத்து திருத்தும் பகுதி எழுத்துகளை உதறிவிட்டு, 123ஆம் பதிவையே மாற்றி எழுதும். கடவுச்சொல்லே தேவையில்லை! இரண்டு பகுதிகளும் ஒரே எண்ணை இரு விதமாகப் படித்ததுதான் கோளாறு.

இணையப் பாதுகாப்பு நிறுவனமான சுகுரியைச் சேர்ந்தவர்கள் கண்டுபிடித்துச் சொன்னதும், 2017 ஜனவரி 26 அன்று ஓட்டையை அடைத்த 4.7.2 பதிப்பு வந்தது. ஓட்டையைப் பற்றிய விவரத்தை வேர்ட்பிரஸ் குழுவினர் பிப்ரவரி 1 வரை வெளியிடவில்லை. அதற்குள் தானியங்கிப் புதுப்பிப்பு பெரும்பாலான தளங்களை எட்டட்டும் என்று காத்திருந்தார்கள். இந்த மௌனத்தைக் குறை சொன்னவர்கள் உண்டு. நான் அதை ஆதரிக்கிறேன். விவரம் வெளிவந்த பிறகு, புதுப்பிக்காத தளங்களில் லட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன.

எனக்குக் கோபம் வருவது, கூடுதல் வசதிகளுக்காக வேர்ட்பிரஸோடு சேர்க்கும் செருகுநிரல்கள்மீதுதான். வேர்ட்பிரஸில் 'ஈஸ் அட்மின்' (நிர்வாகியா?) என்றொரு செயற்கூறு உண்டு. வந்திருப்பவர் நிர்வாகியா என்பதை அது பார்ப்பதில்லை. கோரிக்கை நிர்வாகப் பகுதிக்கானதா என்று மட்டுமே பார்க்கும். அதையே அனுமதிச் சோதனையாக வைத்து எழுதப்பட்ட செருகுநிரலில், மிகக் குறைந்த உரிமையே உள்ள சந்தாதாரரும் அமைப்புகளை மாற்றிவிடலாம். உறுப்பினர்களின் தொலைபேசி எண்களை நம்பிக் கொடுத்திருக்கும் தளத்தில் இதை எப்படிப் பொறுப்பது?

ஆகவே, புதிய செருகுநிரல் எதையும் முதலில் சோதனைத் தளத்தில்தான் போடுகிறேன். சந்தாதாரர் கணக்கில் நுழைந்து, அதன் அமைப்புப் பக்க முகவரியை நேரடியாகத் தட்டிப் பார்க்கிறேன். பக்கம் திறந்தால் அன்றே நீக்கம். திறக்காவிட்டாலும், அதில் அனுமதி எங்கெங்கே சோதிக்கப்படுகிறது என்று நிரலைப் படித்த பிறகே எங்கள் தளத்துக்குள் விடுகிறேன்.