ஆறு வருடமாக என் அலமாரியில் நிற்கும் லா-5எஃப்என்

இரண்டாம் உலகப் போர்க்கால சோவியத் போர் விமானம் லாவோச்கின் லா-5எஃப்என், 1:48 அளவில் (அசலில் 48ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடலாக. 2019 தை மாதம் கட்டி முடித்தேன். அசல் விமானத்தின் இறக்கை நீளம் 9.80 மீட்டர், மாடலில் அது ஏறக்குறைய ஒரு சாண்.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் பக்கவாட்டில் இருந்த எழுத்துகள். வசீலி கோனெவ் என்ற கூட்டுப்பண்ணைத் தேனீ வளர்ப்பாளர் தன் சேமிப்பைக் கொடுத்து வாங்கித் தந்த விமானம் அது. 1944ல் சோவியத் விமானி இவான் கொஜேதூப் அதை ஓட்டினார். 62 எதிரி விமானங்களை வீழ்த்தி, நேச நாட்டு விமானிகளில் முதலிடம் பெற்றவர் அவர். விமானத்தின் ஒரு பக்கம் ஜி. என். கோனெவ் என்ற மறைந்த விமானியின் பெயர், மறுபக்கம் கொடுத்தவரின் பெயர், வால் பக்கம் வெள்ளையில் 14. போர்க்கருவி ஒன்றில் ஒரு தேன்காரரின் பெயர் இருப்பது இன்றும் என்னை நெகிழ வைக்கிறது.

மாடலின் பாகங்கள் அடங்கிய கிட்டைத் திறந்ததும் ஒரு குறை கண்ணில் பட்டது. உடல் முழுக்க ரிவெட் (உலோகத் தகடுகளை இணைக்கும் ஆணி) புள்ளிகளும் தகட்டுக் கோடுகளும். லா-5 மர விமானம் ஐயா! அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு இருந்த நாட்டில், மெல்லிய பிர்ச் மரத்தகடுகளைப் பிசினால் ஒட்டி அந்த உடலைச் செய்தார்கள். அதில் ரிவெட்டுக்கு என்ன வேலை? புட்டி பூசி, காயவைத்து, உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். மறுபடி புட்டி, மறுபடி தேய்ப்பு. மூன்று வாரம் போனது. இன்ஜின் மூடியில் மட்டும் கோடுகளை விட்டுவைத்தேன், அது உலோகம். அதன் மேல் முதுகில் காற்று உறிஞ்சும் குழாய் மூக்கு நுனிவரை நீண்டிருக்கும். லா-5களில் எஃப்என் வகையை அடையாளம் காண அதுதான் எளிய வழி. விமானத்தைத் திருப்ப அசையும் சுக்கான் பரப்புகளுக்கு அசலில் துணி போர்த்தியிருந்தது, அங்கேயும் ரிவெட் கிடையாது.

நிறம் மேலே இரண்டு சாம்பல், அடியில் வெளிர் நீலம். ஐப்பசி மழையில் வார்னிஷ் அடித்தேன், ஈரக்காற்றில் பால் படிந்த மாதிரி வெளுத்துப்போனது. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டுத் தை வரும்வரை காத்திருந்தேன். கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

டெக்கால் எனப்படும், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் படத்தாள் பழுப்பேறி வந்திருந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒரு வாரம் ஒட்டிவைத்தேன், வெயில் பழுப்பை எடுத்துவிட்டது. ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் அவசியம். இல்லையென்றால் அடியில் காற்று சிக்கி எழுத்தைச் சுற்றி வெள்ளி மாதிரி மினுக்கும். அப்புறம், பெயிண்ட் உரிந்ததாகக் காட்ட உடம்பெல்லாம் வெள்ளி நிறம் தீட்டுகிறார்கள். மரம் உரிந்தால் உள்ளே வெள்ளியா தெரியும்?

ஆறு வருடத்தில் நடந்த பெரிய சேதம் ஒன்றுதான். பூச்சி வராமல் இருக்க அலமாரிக்குள் அம்மா அந்துருண்டை வைத்துவிட்டார். நாப்தலீன் ஆவி இந்த வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். கதவைத் திறந்தபோது விமானி அறையின் கண்ணாடி மங்கி, ஒரு சக்கரம் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியை மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலம்தான் வைக்கிறேன். சக்கரக் கால் ஒன்று தளர்ந்தது. உள்ளே மெல்லிய பித்தளைக் கம்பி செருகி ஒட்டியபின் ஆடவில்லை.

உடலின் அந்த வழவழப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் விரல் வைப்பதும் அங்கேதான். முதல் மாடலாக இதை எடுக்க வேண்டாம். இரண்டு மூன்று கட்டிப் பழகியவர்கள் தாராளமாக வாங்கலாம். எனக்கு அடுத்தது கொஜேதூப் பின்னாளில் ஓட்டிய லா-7, வெள்ளை எண் 27. அசல் மாஸ்கோ அருகே மோனினோ அருங்காட்சியகத்தில் நிற்கிறது. புட்டி டப்பா ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டேன்.