பழைய மூன்று சக்கர ஏடிசி: ஃபோர்க் மட்டுமா, முன்பக்கம் முழுவதுமா?

ஏடிசி என்பது கரடுமுரடான தரையில் ஓட்டும் ஹோண்டாவின் மூன்று சக்கர மோட்டார் வண்டி. அதில் 200எக்ஸ் மாடல் 1983இல் வந்தது. அதைவிட வேகமான 250ஆர் 1981இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் 1988இல் புது மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றுபோனதால், இன்று இப்படிப்பட்ட பாகம் வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்னொரு பழைய வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். 250ஆர் ஃபோர்க்கை (முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்து அதிர்வைத் தாங்கும் குழாய்கள்) 200எக்ஸில் போட ஆசைப்படுகிறவர்கள் அதிகம்.

ஃபோர்க் குழாய்களை மட்டும் மாற்றுவது மலிவு. ஆனால் குழாயின் விட்டம் கிளாம்ப் (குழாய்களை இறுகப் பிடிக்கும் பாகம்) துளைக்கு அச்சாகப் பொருந்த வேண்டும். தகடு சுற்றி, துளையைக் கடைந்து ஒப்பேற்ற வேண்டாம், ப்ளீஸ். பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கச் சுமை முழுவதையும் அந்தப் பிடிதான் தாங்குகிறது. அப்புறம் ஆக்சில், சக்கரம், பிரேக் காலிபர் என்று ஒவ்வொன்றாகப் பொருந்தாமல் வரும்.

கிளாம்ப், சக்கரம், பிரேக்கோடு மொத்தமாக மாற்றினால் செலவு கூடும். பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியே வருவதால் அளக்க வேண்டியது ஸ்டெம் (கிளாம்பை வண்டிச் சட்டத்தோடு இணைத்துத் திரும்பவைக்கும் தண்டு) நீளமும் ஸ்டீரிங் பேரிங் அளவும்தான். என் தேர்வு இதுதான்.

எதைச் செய்தாலும் ஃபோர்க் நீளத்தைப் பாருங்கள். நீளம் கூடினால் முன்பக்கம் உயர்ந்து, ஸ்டீரிங் சாய்வு படுத்துவிடும். மெதுவான வளைவில் முன்சக்கரம் திரும்பாமல் நேராகத் தள்ளிக்கொண்டு போகும். வண்டி கவிழும் வாய்ப்பும் கூடும். குழாயைக் கிளாம்பில் கொஞ்சம் மேலே ஏற்றி இதைச் சரிசெய்யலாம். ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது டயர் மட்கார்டில் முட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.