எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேர்: ஒரு பாடத்தை முடித்தபின்

பல்கலைக்கழக வளாகத்துக்குள் காலடி வைக்காமலே அதன் பாடங்களைப் படிக்க வழிசெய்யும் சேவைகளில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. நடத்தும் ஓப்பன்கோர்ஸ்வேரைத்தான் நான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன். 2001இல் அறிவிக்கப்பட்டு மறு ஆண்டு வெளியான இத்தளத்தில் இன்று 2,500க்கும் மேற்பட்ட பாடங்கள் உள்ளன. கட்டணம் இல்லை, பெயரைப் பதிவு செய்யவும் வேண்டியதில்லை.

பதிவு வேண்டாம் என்பதை நான் பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. வேறொரு தளத்தில் 'இலவசம்' என்ற சொல்லை நம்பிச் சேர்ந்து, மூன்றாம் வாரப் பயிற்சித்தாளைத் திறக்கப் பணம் கட்டவேண்டும் என்ற அறிவிப்பைக் கண்டு திரும்பியவன் நான். இங்கே வினாத்தாளும் விடைகளும் விரிவுரைக்குப் பக்கத்திலேயே கிடைக்கின்றன. குறிப்புகளை மொத்தமாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதால், இணைய இணைப்பு விட்டுவிட்டு வந்தாலும் படிப்பு நின்றுபோவதில்லை.

நான் முழுமையாக முடித்தது, எம்.ஐ.டி.யில் கணிதம் கற்பித்த கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணிதம் (லீனியர் அல்ஜீப்ரா). 1999இல் வகுப்பறையிலேயே பதிவான காணொளி. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் தவிர வேறு அலங்காரமில்லை. முதல் வகுப்பில் இரண்டே சமன்பாடுகளை எழுதி, அவற்றை முதலில் ஒன்றையொன்று வெட்டும் கோடுகளாக வரைகிறார். பிறகு அதே எண்களை நிரல்களாகப் பிரித்து, இரு திசையன்களை (வெக்டர்களை) எந்த அளவில் எடுத்துக் கூட்டினால் மூன்றாவது கிடைக்கும் என்று கேட்கிறார். அணிக்கோவையை மனப்பாடம் செய்து தேர்வில் தேறிய எனக்கு, அந்தச் சில நிமிடங்களில்தான் இந்தக் கணக்கு எதைப் பற்றியது என்று பிடிபட்டது. புரியாத இடத்தை ஏழு முறை ஓட்டிப் பார்த்தாலும் அவர் முகம் சுளிக்கப்போவதில்லை!

ஆனால் ஏழாவது முறையும் புரியாவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை. ஒரு விடையில் குறி மாறிப்போனதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. சான்றிதழ் கிடையாது என்பதில் எனக்குக் குறையில்லை. இந்தத் தனிமைதான் உறுத்துகிறது. 1971இல் பாடம் நடத்தத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்தகுதி கேட்காமல் சேர்த்துக்கொண்டதோடு, விடைத்தாளைத் திருத்திக் குறிப்பெழுதி அனுப்பும் பயிற்றாசிரியரையும் மாணவருக்கு ஒதுக்கியது. அங்கே கட்டணம் உண்டு என்பதை மறந்து ஒப்பிடுவது நியாயமல்லதான்.

விரிவுரைகள் ஆங்கிலத்தில் இருப்பது அடுத்த தடை. வணிக நோக்கமின்றி எவரும் மொழிபெயர்க்க உரிமம் இடம் தந்தாலும், அந்த உழைப்புக்கு ஆள் கிடைப்பது எளிதல்ல. புதிதாகத் தொடங்குபவர், இதே பாடத்துக்குத் தனியே படிப்போருக்கென அமைத்த பதிப்பை எடுப்பது நல்லது. அதில் உதவி ஆசிரியர்கள் கணக்குகளைப் போட்டுக்காட்டும் காணொளிகள் உண்டு. தீர்வைத் தொடங்குமுன், காணொளியை நிறுத்திவிட்டு நம்மையே முயன்றுபார்க்கச் சொல்கிறார்கள்.