7,800 டாலர் போச்சு: பிக்கப்பில் பழைய கேம்பர் ஏற்றப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

போன சனிக்கிழமை வாங்கினேன். இன்று வெள்ளி. ஆறே நாளில் 7,800 டாலர் காலி. ஆத்திரம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது.

வீட்டில் புது பிக்கப், ஹாஃப் டன் என்கிற இலகு ரகம், பின்னால் ஆறரை அடி பெட், அதாவது திறந்த சரக்குத் தொட்டி. அதன் முதுகில் ஏற்ற ஒரு பழைய கேம்பர், அதாவது படுக்கை வசதியுள்ள பெட்டி வீடு, இருந்தால் பையனோடு கோடை முழுக்கச் சுற்றலாம் என்று ஆசை. பழைய ஆர்வி (வீட்டு வசதியுள்ள வண்டி) விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். பெயர் போட மாட்டேன், அதற்கும் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்து தொலையும்.

அந்த விற்பனையாளரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கேம்பருக்குள் ஏறும்போது ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஏறினார். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். பிறர் பொருளை இப்படி மதிக்கிறவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். "எடை 1,480 பவுண்டுதான். என் வண்டியும் இதேதான், நானே இதைவிடப் பெரிசு ஏற்றுகிறேன்" என்றார். அதைச் சொன்னபோது எங்கள் வண்டியின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வைத்து, அதன் நிலையில் முழங்கையை ஊன்றி நின்றார். எவ்வளவு சுமை தாங்கும் என்று எழுதிய ஸ்டிக்கர் அந்த முழங்கைக்கு நேர் கீழே இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை.

கேம்பர் 6,500, பொருத்த 1,300. மொத்தம் 7,800 டாலர்.

புது வண்டிகளின் பெட் பக்கச் சுவர் பழையவற்றைவிட உயரம். பழைய கேம்பரை உட்கார வைக்க அடியில் பலகை கொடுத்துத் தூக்க வேண்டும். ஒரே ஒரு ஃபோம் பலகையைப் போட்டு முடித்துவிட்டார்கள். நாற்பது மைல் போவதற்குள் கேம்பரின் மூக்கு கேபின் கூரையில் உரசி, புதுப் பெயின்டில் கை நீளத்துக்குக் கீறல். பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் மரக்கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வழியில் டிரக் ஸ்டாப் எடை மேடையில் ஏற்றினேன். 8,120 பவுண்டு. சுமையோடு சேர்த்து வண்டிக்கு அனுமதி 7,050. காலி வண்டி எடையையும் எங்கள் எடையையும் கழித்துக் கணக்குப் போட்டால் கேம்பர் மட்டும் ஏறக்குறைய 2,080!

"அந்த ஸ்டிக்கரை அன்னைக்கே பார்த்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி. பதில் சொல்லவில்லை.

ராத்திரி மெத்தையைத் தூக்கினால், மூலையில் காப்பிக் கறை மாதிரி ஒரு வட்டம். கட்டைவிரலால் அழுத்தினேன். ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே போனது, தண்ணீர் கசிந்து பலகை அழுகியிருந்தது.

திங்கட்கிழமை அந்த விற்பனையாளருக்குப் போன் செய்தேன். "பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப் பை) போட்டால் சரியாகிவிடும், 600 டாலர்" என்றார். பின்பக்கம் நிமிரும், சரி. ஆனால் வண்டி தாங்கும் எடை ஒரு பவுண்டுகூட அதிகரிக்காது. செவ்வாய், மேனேஜர் லீவு. புதன், ஹோல்டில் இருபது நிமிடம் பாட்டுக் கேட்டேன். நேற்று நேரில் போனேன். ஷூ கழற்றிய மகான் என்னைப் பார்த்ததும் வேறு வாடிக்கையாளரோடு கடைசி வரிசைக்கு நடந்துவிட்டார். கவுன்டரில் இருந்த பெண் ரசீதைத் திருப்பி, "உள்ளது உள்ளபடி விற்பனை" என்ற வரியில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். கீழே என் கையெழுத்து. 1,480 என்ற எண் எந்தத் தாளிலும் இல்லை. வாயால் சொன்னதோடு சரி.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கதவு நிலையில் இருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள், அந்த எண்ணில் நீங்களும் குடும்பமும் அடக்கம். கேம்பரின் காலி எடையில் தண்ணீர் சேராது, ஒரு கேலனே 8.3 பவுண்டு. காசு கொடுக்கும் முன்பு எடை மேடைக்குக் கொண்டு போங்கள், மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள். மெத்தையைத் தூக்கி மூலைகளை அழுத்திப் பாருங்கள். சொன்னதையெல்லாம் எழுதி வாங்குங்கள்.

7,800 டாலர் இப்போது வீட்டுப் பக்கவாட்டில் நான்கு ஜாக்கில் நிற்கிறது. மழை வரும் போலிருக்கிறது, தார்ப்பாய் கட்டப் போகிறேன்.