எண்ணெய் தின்னும் பாக்டீரியா பவுடர்: தனியா வாங்கிப் போட்டா வேலைக்கு ஆகாது

கச்சா எண்ணெய் கசிஞ்ச வயலை மீட்கறதுக்குன்னு விக்கிற பாக்டீரியா பவுடரைப் போட்டுப் பார்த்தேன். கம்பெனி பேர் வேணாம், இந்த வகை பவுடர் எல்லாத்துக்குமே நான் சொல்றது பொருந்தும். தூவினா போதும்னு பாக்கெட்ல போட்டிருக்காங்க, போதவே போதாதுங்க.

பவுடர் மட்டும் தூவின பக்கம் தண்ணி விட்டா இன்னமும் முத்து முத்தா மேலயே உருண்டு நிக்குது, கட்டியை உடைச்சா உள்ள கருப்பா பிசுபிசுன்னு இருக்கு. அதே பவுடரை நல்லா மக்கின தொழு உரத்தோட கலந்து, அப்பப்போ உழுது விட்டு, ஈரம் காயாமலும் தண்ணி தேங்காமலும் பாத்துக்கிட்ட பக்கம் மண்ணு பொலபொலன்னு ஆகி தண்ணி உள்ள இறங்குது.

காரணம் இதான், எண்ணெய்ல கார்பன் கொட்டிக் கெடக்கு, ஆனா பாக்டீரியா பெருகறதுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேணும், அது அதுல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. கார்பன் 100 பங்குன்னா நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1னு பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க. காத்தும் வேணும், அதுக்குத்தான் உழவு. எண்ணெயைத் தின்னக்கூடிய பாக்டீரியா பெரும்பாலும் அந்த மண்ணுலயே ஏற்கனவே இருக்கும், சத்தும் காத்தும் இல்லாம முடங்கிக் கெடக்கும், அதுங்களை எழுப்பி விடறதுதான் எருவோட வேலை. அதுக்காக யூரியாவை ஒரேயடியா கொட்டிடாதீங்க, உப்பும் அம்மோனியாவும் ஏறி பாக்டீரியாவையே அடிச்சுடும், பிரிச்சுப் பிரிச்சு போடுங்க.

பயோசாரும், அதாவது செடி, மரக் கழிவைக் காத்து அதிகம் படாம சுட்டு எடுக்கற கரியும், சேர்த்து விக்கிறாங்க, நல்ல பொருள்தான், எண்ணெயைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு வேருக்குப் போற விஷத்தைக் குறைக்கும். ஆனா பிடிச்சு வெக்கறது வேற, அழிக்கறது வேற, இதை விக்கிறவங்க சொல்லவே மாட்டேங்கறாங்க.

வாடை போயிடுச்சேன்னு விதைச்சுடாதீங்க ப்ளீஸ், லேசான பகுதி ஆவியா போனாலே வாடை குறைஞ்சுடும், தார் மாதிரி கனமான பகுதி அப்படியே ரொம்ப நாள் கெடக்கும். மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், அதாவது மண்ணுல இன்னும் மிச்சம் இருக்கற எண்ணெய், எவ்ளோன்னு லேப்ல டெஸ்ட் எடுத்துட்டு அப்புறம் பயிரைப் பத்தி யோசிங்க.

எண்ணெய்க் கிணத்துல இருந்து உப்புத்தண்ணியும் சேர்ந்து வந்திருந்தா இந்தப் பவுடர் அந்த உப்பை ஒண்ணும் பண்ணாது. அங்க ஜிப்சம் போட்டு, அந்த உப்புல இருக்கற சோடியத்தை நல்ல தண்ணி விட்டு கீழ இறக்கணும், வடிகாலும் இருக்கணும். பாக்கெட்ல இதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல, கண்டிப்பா அச்சடிக்க வேண்டிய விஷயம்.