50ஆ, 24ஆ, 35ஆ? வன்னியில் ஒரு முதல் பிரைம் லென்ஸ்

கிட் லென்ஸோடு (கமராவோடு சேர்ந்தே வரும் ஸூம் லென்ஸ்) கமரா வாங்கியவர் “அடுத்து என்ன லென்ஸ் எடுக்கலாம்?” என்று கேட்டால், கிளிநொச்சியிலும் சரி வவுனியாவிலும் சரி, கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “50 எடுங்கோ.” அதாவது 50 மி.மீ. பிரைம் லென்ஸ். பிரைம் என்றால் ஸூம் பண்ண முடியாதது; மி.மீ. எண் சிறிதானால் அகலமாகப் பிடிக்கும், பெரிதானால் ஒடுக்கிக் கிட்டக் காட்டும். பிழையான பதில் இல்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். கமரா கெனனா நிக்கோனா? படம் எடுக்கும் இடத்தில் எவ்வளவு பின்னால் போக முடியும்? இரண்டாவது கேள்விதான் முக்கியமானது என்பது என் எண்ணம். கீழே வரும் கணக்கெல்லாம் கெனன் 700டி, 1200டி, நிக்கோன் டி3200, டி5300 போன்ற சிறிய சென்சார் கமராக்களுக்கானவை.

முதலில் கெனன் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் கூடத் திறக்கும், வெளிச்சம் கூட வரும்; எஸ்.டி.எம். ஃபோகஸ் மோட்டாரின் வகை). 2015இல் வந்தபோது அமெரிக்காவில் 125 டொலர் அளவில் விற்றார்கள். எடை ஏறத்தாழ 160 கிராம். இதன் பெரிய பலம் வெளிச்சம். கிட் லென்ஸை 50இல் வைத்தால் எஃப் 5.6க்குக் கீழே திறக்காது. எஃப் 1.8 அதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை நினைத்துப் பாருங்கள். உப்புநீரில் விளக்கெரியும் கோயில். இரவு முழுக்கச் சனம். கிட் லென்ஸில் ஷட்டர் 1/15 செக்கனுக்கு இறங்கும் இடத்தில், அதே ஐ.எஸ்.ஓ.வில் (கமராவின் ஒளி உணர்திறன்) இந்த லென்ஸ் 1/125ஐத் தாண்டும். காவடி ஆடுபவரின் முகம் கலங்காமல் வருவதற்கும் வராமல் போவதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் அதுதான். சாமிக்கு முன்னால் ஃப்ளாஷ் அடிக்கவும் தேவையில்லை. பல கிட் லென்ஸ்களில் நடுக்கத்தைக் குறைக்கும் வசதி உண்டு, இதில் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த வசதி எங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். ஆடுகிற ஆளை நிறுத்தாது.

ஒரு கவனம்: ஒன்றரை மீற்றர் தூரத்தில் எஃப் 1.8இல் எடுத்தால் தெளிவாக வரும் ஆழம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் மட்டும். முகம் கொஞ்சம் திரும்பினால் ஒரு கண் தெளியும், மற்றது மங்கும். பகலில் எஃப் 2.8க்கு வந்துவிடுவது நல்லது.

இனி வீட்டுக்குள் வருவோம். இங்கேதான் 50 தடுமாறும். நின்றுகொண்டிருக்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க இந்த லென்ஸுக்கு 15 அடி வேண்டும். போருக்குப் பிறகு வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீட்டில் அவ்வளவு நீளமான அறைக்கு எங்கே போவது? சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் அரை ஆள்தான் வரும். சாமத்தியவீட்டில் பிள்ளையைச் சுற்றி ஆலாத்தி எடுக்கும்போது பின்னால் போனால், உங்களுக்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள இடைவெளிக்குள் பத்துப் பேர் வந்து நிற்பார்கள்.

அந்த இடத்துக்குப் பொருத்தம் கெனன் இ.எஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்.டி.எம். 2014இல் வந்தது, 125 கிராம், பிஸ்கட் மாதிரித் தட்டையானது. அதே ஆளை முழுதாக எடுக்க 7 அடி போதும். 16 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகலாம் என்பதால் கோலம், தாலிக்கொடி, கை எல்லாம் இதிலேயே முடியும். வெளிச்சத்தில் 50க்கு ஈடாகாது. கிட் லென்ஸை 24இல் வைத்தால் கிடைப்பதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்குதான். முகத்தை மட்டும் நிரப்ப மிகக் கிட்டப் போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். பின்னாளில் 6டி போன்ற பெரிய சென்சார் கமராவுக்கு மாறினால் இது அதில் பொருந்தாது.

இருந்தும், கெனன் வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால் நான் 24ஐத்தான் முதலில் சொல்வேன். 2009இல் இடம்பெயர்ந்து போனபோது எத்தனையோ குடும்பங்களின் அல்பங்கள் வழியிலேயே போய்விட்டன. இன்று அப்பம்மாவை அவர் புழங்கும் அடுப்படியோடு, வாசலோடு, பேரப்பிள்ளைகளோடு எடுத்து வைப்பது அவசரமான வேலை. பின்னணியை மங்கவைத்து முகத்தை மட்டும் காட்டும் படத்தில் அந்த வீடு இருக்காது. கோயில் இரவுகளும் இரணைமடுக் குளக்கட்டில் தனி ஆட்களும்தான் உங்கள் விருப்பம் என்றால் தயங்காமல் 50ஐ எடுங்கள். வெளியில் பின்னால் போக வன்னியில் இடத்துக்குக் குறைவில்லை.

நிக்கோன்காரருக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். 2009இல் வந்த ஏ.எஃப்-எஸ் டி.எக்ஸ். 35 மி.மீ. எஃப் 1.8ஜி, அறைக்குள்ளும் கோயிலிலும் இரண்டுக்கும் நடுவில் நின்று வேலை செய்யும். முழு ஆளுக்கு 10 அடி, வெளிச்சம் எஃப் 1.8. விலை கொஞ்சம் கூட, 200 கிராம் எடை, ஆனால் இரண்டு லென்ஸ் வாங்கும் செலவு மிச்சம். மலிவாகக் கிடைக்கிறதென்று 50 மி.மீ. எஃப் 1.8டியை வாங்கிவிடாதீர்கள். அதற்குள் ஃபோகஸ் பண்ணும் மோட்டார் இல்லை. டி3000, டி5000 வரிசைக் கமராக்களிலும் இல்லை. கையால்தான் ஃபோகஸ் பண்ண வேண்டும்.

கெனனின் பழைய 50 எஃப் 1.8 II பாவித்ததாகக் கிடைக்கும். படம் நல்லதுதான், ஆனால் கமராவில் பூட்டும் வளையமான மவுண்ட் பிளாஸ்ரிக், ஃபோகஸ் சத்தம் போடும். சீனக் கம்பனியான யொங்நுவோவின் 50 அதைப் பார்த்துச் செய்தது. ஃபோகஸை நம்ப முடியாது. காசு மிகவும் இறுக்கம் என்றால் மட்டும் இந்தப் பழைய II.

பாவித்த லென்ஸ் எதுவானாலும் மூடியைக் கழற்றி, பின்பக்கத்தால் டோர்ச் அடித்து முன்னால் பாருங்கள். சிலந்திவலை போல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சணம். விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். வாங்கிய பிறகும் ஐப்பசி தொடங்கித் தை வரையான மழையில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டிக்குள் வையுங்கள். வெயில் காலத்தில் புழுதி. 50 எஸ்.டி.எம்.மின் முன்குழல் ஃபோகஸ் பண்ணும்போது வெளியே நீளும். கமராவை நிறுத்த முன் தூரத்துக்கு ஃபோகஸ் பண்ணி அதை உள்ளே இழுத்துவிடுங்கள். நீட்டியபடி பையில் போட்டு இடிபட்டால் உள்ளே உள்ள பற்சக்கரத்தின் பல்லு உடையலாம்.