எவர்ட்டன் அரங்கம்: கட்டி உயர்த்துவதா, நிற்க விடுவதா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் தே தாரிக் ஆறிப்போகும்வரை இதே வாக்குவாதம்தான். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரக் கால்பந்துக் கிளப்பான எவர்ட்டனின் புதிய அரங்கில் ஏறத்தாழ 53,000 பேர் பார்க்கலாம். இன்னும் கூட்டுவது எப்படி?

கட்டி உயர்த்தினால் உட்கார இடம் கிடைக்கும், சரி. ஆனால் மெர்சி ஆற்றோரம், பழைய கப்பல்துறைக்குள் அகலப்படுத்த இடமேது? கூரையைப் பிரிக்கும் செலவு வேறு. லிவர்பூல் நகரம் 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதற்கு இந்த அரங்கமும் ஒரு காரணம். அதே பட்டியலில் உள்ள பினாங்கின் ஜார்ஜ்டவுன்காரர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

நின்று பார்க்கும் பகுதி மலிவு, சத்தமும் தூள் கிளப்பும். ஜெர்மனியின் டோர்ட்முண்ட் அரங்கில் உள்நாட்டு லீக் ஆட்டத்துக்கு, நிற்பவர்களையும் சேர்த்து 81,365 பேர். எல்லாரும் உட்கார வேண்டுமென்றால் 66,000 வாக்கில்தான். இங்கிலாந்தின் மேல்மட்ட லீக்குகளில் 2022 முதல் நிற்க அனுமதி உண்டு, ஆனால் ஓர் இருக்கைக்கு ஒருவர்தான், அதனால் எண்ணிக்கை கூடாது. அந்த விதி தளர்ந்தால் என் ஓட்டு இதற்கே.